மூன்று நிமிட மணி

என் அம்மப்பாவின் செத்தவீட்டில் ஏழு பேர் பேசினார்கள். தகனசாலை எங்களுக்குத் தந்தது ஒரு மணித்தியாலம். அதில் முப்பத்துமூன்று நிமிடத்தை அந்த ஏழு பேரும் தின்றார்கள். அதனால் என் அம்மா தன் தகப்பனுக்கு வாய்க்கரிசி போடவில்லை. அரிசியைப் பொத்திய கையோடு வீட்டுக்கு வந்தார்.

முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவுமலரில் அம்மப்பாவைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம் இருக்கிறது. 'பண்பாளர்' என்ற சொல் ஒன்பது தடவை வருகிறது. பகிடி என்ற சொல் ஒரு தடவையும் இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த மலர் எவ்வளவு பொய் என்று விளங்க இது போதும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அம்மப்பா எண்பதுகளில் சுவிசுக்கு அகதியாக வந்தவர். துன் நகரில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் பதினைந்து வருடம் கோப்பை கழுவினார். அங்கே வேலை போனதும் ஓல்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து, பென்சன் எடுக்கும்வரை ரயில் பெட்டி துப்புரவாக்கினார். ஓல்டனுக்கு வரும் சனம் எல்லாம் மற்ற ரயிலைப் பிடிக்கத்தான் வரும். "இந்த நாட்டில ஓல்டனில இறங்கி வெளியில வந்த ஒரே ஆள் நான்தான்" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்வார். சொல்லி முடிக்க முதலே தானே சிரிப்பார்.

யாருக்காவது கெமைண்ட என்கிற ஊராட்சிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவருக்கு டொச் மொழி அரைகுறை. "எனக்கு டொச் கொஞ்சம் தெரியும். அவைக்குத் தமிழ் துண்டாத் தெரியாது. அப்ப ஆர் மேல?" என்று கேட்டுக்கொண்டே போவார். போய் அந்த அலுவலைச் செய்து முடித்துவிட்டுத்தான் வருவார். கோயில் திருவிழா முடிந்து எல்லோரும் காரில் ஏறும்போது அவர் அன்னதானம் சமைத்த கிடாரத்துக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டு நிற்பார். இதெல்லாம் மலரில் 'சமூகத் தொண்டு' என்று ஒரு வரியில் இருக்கிறது. மணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மணி ஏன் வந்தது என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஆறு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழா. எட்டுச் சிறுமிகள் பரதநாட்டிய உடுப்போடு மேடைக்குப் பின்னால் நின்றோம். அந்த உடுப்பை ஊசி குத்திக் குத்திக் கட்டியிருப்பார்கள். கழற்றினால் திரும்பக் கட்ட அரை மணித்தியாலம் வேண்டும். எனக்கு மூத்திரம் முட்டியது. "பேச்சு முடிஞ்ச உடன நீங்கள்தான், அடக்கிக்கொண்டு நில்லுங்கோ" என்றார் ரீச்சர். பேச்சு முடியவில்லை. ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. ஒன்றரை மணித்தியாலம். வாழ்த்துரையின் நடுவில் நின்ற இடத்திலேயே பெய்துவிட்டேன்.

முதலில் கண்டவர் அம்மப்பா. எங்களுக்குக் குடிக்கத் தோடம்பழச் சோடா கொண்டு வந்தவர். ஒரு கணம் என்னைப் பார்த்தார். போத்தலைத் திறந்து என் உடுப்பிலும் நிலத்திலும் முழுவதையும் ஊற்றினார். பிறகுதான் சத்தம் போட்டார். "நான் ஒரு விசரன். பிள்ளையின்ர உடுப்பு முழுக்கச் சோடாவை ஊத்திப்போட்டன்."

ரீச்சர் அவரைப் பேசின பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வயதுபோன ஆள், கவனம் இல்லை, நிகழ்ச்சியே நாசம். அவர் தலையைக் குனிந்து நின்று கேட்டார். பிறகு தும்புத்தடியும் துணியும் தேடி எடுத்துவந்து நிலத்தைத் துடைத்தார். அது வெறும் சோடா இல்லை என்பது இவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். எனக்கு வெட்கம் இல்லை. மேடையில் நின்றவர்களுக்கு வந்திருக்க வேண்டிய வெட்கம் அது.

அடுத்த விழாவுக்கு அவர் மணியோடு வந்தார்.

ஹோட்டல் குசினிகளில் மேசையில் வைத்திருக்கும் மணி. உள்ளங்கையால் தட்டினால் போதும். சாப்பாடு தயார் என்றாலும் தட்டுவார்கள், கழுவின கோப்பை முடிந்தாலும் தட்டுவார்கள். துன் ஹோட்டல் குசினியைப் புதுப்பித்தபோது எறியப்போனதை இவர் கேட்டு வாங்கி வந்திருந்தார். "பதினைஞ்சு வருசம் என்னைக் கலைச்ச மணி. இனி நான் ஆக்களைக் கலைக்கப்போறன்."

முன்வரிசையில் இடது பக்கக் கதிரை அவருடையது. மணியை முழங்காலில் வைத்துக்கொள்வார். ஒருவருக்கு மூன்று நிமிடம். முதல் தட்டு எச்சரிக்கை. அரை நிமிடத்தில் இரண்டாவது தட்டு. அதற்கும் நிற்காவிட்டால் மணியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டத் தொடங்குவார். அவர் தட்டினால் மண்டபம் முழுக்கத் தட்டும். பேசுகிறவர் என்ன செய்வார், கும்பிட்டுவிட்டு இறங்குவார்.

சூக் நகரில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர் ஒருமுறை நான்கு தாளோடு ஏறினார். மணி அடித்தது.

"ஐயா, நான் இன்னும் முன்னுரையே முடிக்கேல்லை."

"பரவாயில்லைத் தம்பி. எங்களுக்கு முடிவு விளங்கிட்டுது."

சனம் சிரித்தது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. அவரை ஞாபகம் வைத்திருங்கள், திரும்ப வருவார்.

செத்தவீடுகளில் அம்மப்பா மணியைக் கொண்டு போனதில்லை. தேவை இருக்கவில்லை. நிகழ்ச்சி ஒழுங்கை அவரே போட்டுவிடுவார். முதலில் கிரியை, பிறகு வாய்க்கரிசி, நேரம் மிஞ்சினால்தான் பேச்சு. "பேச்சு கடைசிப் பெட்டி. நேரம் போனால் கழட்டிவிடலாம். எஞ்சினைக் கழட்டேலாது" என்பார். இன்னொன்றும் சொல்வார். "செத்தவனுக்கு இந்த நாட்டில ஒரு மணித்தியாலம்தான் தாறாங்கள். அதிலயும் உயிரோட இருக்கிறவன் பங்கு கேட்கக் கூடாது." அவர் நடத்திக் கொடுத்த எந்தச் செத்தவீட்டிலும் ஒரு மகளும் வாய்க்கரிசி போடாமல் திரும்பினதில்லை. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம்தான், ஆனால் உண்மை.

மூன்று வருடத்துக்கு முன், தமிழ்ப்பள்ளியையும் விழாக்களையும் நடத்தும் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். வந்த முதல் விழாவிலேயே அம்மப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த விழாவில் அவருடைய கதிரை மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தது. "ஐயா, உங்களுக்கு இனி ஓய்வு. வெளியூர் விருந்தினர் வருகினம், மணி அடிச்சால் மனம் நோகும்" என்று தலைவர் தோளில் கைபோட்டுச் சொன்னார். அன்றைக்குப் பிள்ளைகளின் நடனம் தொடங்கியபோது பாதிச் சனம் கடைசி ரயிலுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அம்மப்பா போன விழாவில் போர்த்தின பொன்னாடையை அலுமாரியிலிருந்து எடுத்துச் சோபாவில் போட்டார். "இது குளிருக்குப் போத்தினதில்லை மோனை. கையைக் கட்ட" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அடுத்த நாளே தலைவருக்குப் போன் எடுத்து ஏசியிருக்க வேண்டும். செய்யவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், எனக்கு ஷிப்ட் இருந்தது, களைப்பு. இப்படித்தான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம்.

போன மாரிக் குளிரில் இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மணி கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கும் மூன்று நிமிடம். "வருத்தம் பார்க்க வந்தவை வருத்தத்தைக் கூட்டக் கூடாது." தாதிமார் முதலில் முறைத்தார்கள். பிறகு அவர்களே சனம் கூடினால் கதவடியில் வந்து நின்று, தட்டுங்கள் என்று கைகாட்டினார்கள்.

ஒரு பின்னேரம் நான் மட்டும் இருந்தேன். மணியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"என்ர நாளில இது உன்னட்ட. ஒருத்தருக்கு மூண்டு நிமிசம். கொம்மா பேசினாலும் அடி."

"அம்மா எங்க பேசப்போறா. செத்தவீட்டில மணி அடிச்சால் எனக்குத்தான் அடி விழும், அம்மப்பா."

"விழட்டும். அந்த நேரமாவது பேச்சு நிக்கும்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்லை மோனை. உவங்கள் என்னை வைச்சுக் கனநேரம் பேசுவாங்கள். கொம்மா பின்னுக்கு நிப்பாள், வாய் திறக்க மாட்டாள். நீதான் பார்க்க வேணும்."

"ஓம்" என்றேன். ஒரு சொல். அவருக்கு நான் கொடுத்த வாக்கு அவ்வளவுதான்.

ஒன்பது நாளில் போய்விட்டார்.

செத்தவீட்டை நடத்தினது என் மாமா, அம்மாவின் அண்ணன். மாமா கெட்டவர் இல்லை. சபைக்குப் பயந்தவர். சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து, தூரத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலுக்குப் போக வேண்டும், பேச்சை நடுவில் வைப்போம், வாய்க்கரிசியைக் கடைசியில் வைப்போம் என்றார். மாமா தலையாட்டினார். நான் அப்போது தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். "அம்மப்பா அப்படிச் செய்யிறேல்லை" என்றேன். "பெரியாக்கள் கதைக்கேக்க நீ ஏன் பிள்ளை" என்றார் மாமா. எனக்கு முப்பத்தோரு வயது. என் வேலையில் எத்தனையோ பேருடைய கடைசி நாளில் கண்ணை மூடி, உடம்பு கழுவி, உடுப்பு மாற்றிவிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நான் இன்னும் பிள்ளை.

இரண்டு மணிக்கு நேரம் தந்திருந்தார்கள். கிரியை இருபது நிமிடத்தில் முடிந்தது. பேரப்பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். அங்கே புகையைக் கண்டால் அலறும் கருவி இருப்பதால் பற்றரி மெழுகுதிரி தந்தார்கள். அம்மப்பா முன்பு ஒரு செத்தவீட்டில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "உண்மைப் பந்தம் கொளுத்தினால் தீயணைப்புப் படை வரும். வந்து அவையும் ரெண்டு வார்த்தை பேசுவினம்." பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் சிரித்துவிட்டேன். மாமாவின் மனைவி, என் மாமி, என்னை நுள்ளினார்.

பிறகு பேச்சு. சங்கத் தலைவர்தான் முதல். நான் நேரம் பார்த்தேன், பதினான்கு நிமிடம். அதில் அவர் ஊரில் படித்த பள்ளிக்கூடம் வந்தது, சங்கத்துக்கு மண்டபம் எடுக்க அவர் பட்ட பாடு வந்தது. பதினோராம் நிமிடத்தில் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "ஐயாவின் மணியோசை இன்றைக்கும் எங்கள் காதுகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

மணி என் கைப்பையில் இருந்தது. சத்தம் வராமல் முகந்துடைக்கும் துவாயில் சுற்றியிருந்தேன். துவாயை அவிழ்த்தேன். உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். முன்னால் இருந்த மாமா திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் பிள்ளை. சபை. சனம் என்ன சொல்லும்."

நான் கையை எடுத்துவிட்டேன். இழுத்துப் பறித்திருக்கலாம். என் வேலையில் தொண்ணூறு கிலோ ஆட்களைத் தூக்கி இருத்துகிறேன், மாமாவின் பிடி எனக்குப் பெரிய பிடி இல்லை. ஆனால் எடுத்துவிட்டேன்.

அடுத்து கோயில் ஆள். பழைய மாணவர் சங்க ஆள். பெயர் பட்டியலில் இல்லாத இருவர் அறிவிப்பாளரிடம் துண்டு கொடுத்து ஏறினார்கள். ஆறாவதாக அம்மப்பாவோடு ரயில் பெட்டி துப்புரவாக்கிய சுவிஸ்காரர் ஒருவர், அவருடைய மேலாள், வயதானவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒருநாளும் பிந்தி வரவில்லை. ஒவ்வொரு நாளும் எங்களைச் சிரிக்க வைத்தார். நன்றி." போய் இருந்துவிட்டார். அதை மொழிபெயர்க்க அறிவிப்பாளருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. ஏழாவது, சூக் உணவகக்காரர். இந்த முறை முன்னுரையும் முடித்தார், முடிவுரையும் முடித்தார்.

தகனசாலைப் பெண் கதவடியில் மூன்றாவது தடவையாக வந்து நின்று ஐந்து விரலைக் காட்டினார். மூன்று மணிக்கு அடுத்த குடும்பம். வெளியே ஆறேழு பேர் வெள்ளைப் பூவோடு சத்தமில்லாமல் நின்றார்கள். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? அவர்களுடைய மணித்தியாலம் அவர்களுக்கு வேண்டும்.

ஐயர் அவசர அவசரமாக வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். மாமா போட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பினார்கள். முன்வரிசையில் இருந்தது யார்? தலைவர் போட்டார். கோயில் ஆள் போட்டார். சூக் உணவகக்காரர் போட்டார், போட்டுவிட்டுக் கமெராவைப் பார்த்தார். அம்மா பெண்களோடு சுவர்ப் பக்கம் அரிசியைப் பொத்திக்கொண்டு நின்றார். தனக்கு இடம் விடுவார்கள் என்று நினைத்திருப்பார். நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு அம்மாவை இழுத்து வந்தேன். நாங்கள் பெட்டியடிக்கு வரும்போது மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். "மகள், இவர் மகள்" என்று டொச்சில் கத்தினேன். தகனசாலைப் பெண் உண்மையாகவே கவலைப்பட்டார். "மன்னிக்க வேண்டும்" என்றார். பெட்டி உள்ளே போனது.

பேசினவர் போட்டார். பெற்ற மகள் போடவில்லை.

காரிலும் அம்மா கையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கையை விரித்தபோது உள்ளங்கை முழுக்க அரிசிப் பதிவு. ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்தெடுத்து ஒரு சின்ன ஜாம் போத்தலில் போட்டு மூடினார். சாமிப் படத்தடியில் வைத்தார். "நீங்கள் கத்தியிருக்கலாம்" என்று நான் அவருக்கும் ஏசினேன். "எனக்குக் கத்தத் தெரியாது" என்றார். உண்மை, தெரியாது. அதற்குத்தான் அம்மப்பா என்னிடம் மணியைத் தந்தார்.

தகனம் முடிந்து பத்தாம் நாள் அஸ்தி கரைக்க ஓல்டனுக்கு வெளியே ஆரே ஆற்றங்கரைக்குப் போனோம். குடும்பம் மட்டும் என்று சொல்லியிருந்தோம். தலைவர் இன்னும் இரண்டு பேரோடு நின்றார். ஆற்றுத் தண்ணீர் பச்சையாகக் குளிராக ஓடியது. மாமா சாம்பலைக் கரைத்தார். முடிந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இந்த இடத்தில் இரண்டு வார்த்தை மட்டும்" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நிமிடம் முழுதாகக் கொடுத்தேன். அம்மப்பா யாருக்கும் இரண்டே முக்கால் நிமிடத்தில் அடித்ததில்லை. மூன்று ஆனதும் மணியை ஒரு கல்லின் மேல் வைத்துத் தட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆ, ஐயாவின் மணி" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து வாசித்தார். அரை நிமிடம் விட்டு இரண்டாவது தட்டு. மாமா என் பக்கம் வந்தார். "தொட்டால் கையைக் கடிச்சுப்போடுவன்" என்றேன். நின்றுவிட்டார். தலைவர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது அம்மா கைதட்டத் தொடங்கினார்.

ஆற்றங்கரையில், வெள்ளைச் சீலையோடு, தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டினார். முதலில் தனியாக. பிறகு நான். பிறகு, நம்பமாட்டீர்கள், என்னை நுள்ளின மாமி. அவர் தட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். தலைவரோடு வந்த ஒருவரும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை மறைத்தார். தலைவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். கும்பிட்டார். வேறு என்ன செய்ய முடியும் அவருக்கு?

அம்மா ஜாம் போத்தலைத் திறந்து, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, அந்த அரிசியை ஆற்றில் போட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. செத்தவரின் சாம்பலுக்கு முன்னால் கைதட்டின குடும்பம். படிப்பு இருந்தும் பண்பில்லாத பெண். மாமா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. போன கிழமை சங்கத்திலிருந்து போன் எடுத்தார்கள். மணியைத் தந்தால் மண்டபத்தில் கண்ணாடி அலுமாரியில் நினைவாக வைப்போம் என்றார்கள். நான் வாயைத் திறக்க முதல் அம்மா போனை வாங்கினார். "அது இன்னும் வேலையில நிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதைச் சொன்னது அம்மாவா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

மாமி சொல்கிறார், அம்மப்பாவின் ஆத்மா அன்றைக்கு ஆற்றங்கரையில் சாந்தியடைந்திருக்கும் என்று. சொல்லட்டும். அம்மாவும் இப்போது நன்றாக நித்திரை கொள்கிறார். எனக்கு ஆறவில்லை. ஆற்றில் போட்ட அரிசி வாயில் போட்ட அரிசி இல்லை. அந்த ஏழு பேர் மேலும் எனக்குக் கோபம் போகாது, மாமாவின் கை மேலும் போகாது. ஆனால் மணி என் பையில் இருந்தது. என் உள்ளங்கை அதன்மேல் இருந்தது. மூத்திரம் பெய்த பிள்ளைக்காக ஊர் பார்க்க ஏச்சு வாங்கின மனிதருக்காக, சபை பார்க்க ஒரு தட்டுத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. தட்டினேன்தான். பத்து நாள் பிந்தித் தட்டினேன்.

வருகிற மாதம் சங்கத்தின் ஆண்டு விழா. மாமியின் பேத்தி முதல் தடவை ஆடுகிறாள், ஆறு வயது. முன்வரிசையில் இடது பக்கக் கதிரையில் மணியோடு நான் இருப்பேன். எழுப்பிப் பார்க்கட்டும்.